மானுக்குப் போதுமான குண்டு

1

மகளுக்கு எந்தக் குண்டு சரியாக இருக்கும் என்று நான் கேட்டதும் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வயசு? எவ்வளவு எடை?" என்றார். தாம்பரம் மார்க்கெட்டில் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனால் கடைக்காரர் பிள்ளையின் காலைப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு பார்வை. "பன்னிரண்டு" என்றேன். எடையை அனுவே சொன்னாள், பவுண்டுக் கணக்கில். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று வகைக் குண்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். நானாக இருந்தால் புரட்டியிருப்பேன். ஆகவே அந்தக் கடை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். என் கணவர் முரளிக்குக் காகித ஆலையில் வேலை. வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வந்தபோது அனுவுக்கு மூன்று வயது. இந்த ஊரில் மான் சீசன் தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிறார்கள், நமக்குப் பொங்கலுக்கு விடுவது போல. ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர்கள் வண்டியின் பின்னால் மானைக் கிடத்திக்கொண்டு பெட்ரோல் பங்கில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் சில வருஷங்கள் அந்த வழியாகப் போகும்போது அனுவின் கண்களைக் கையால் பொத்துவேன். என் விரல் இடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவளுடைய நெருங்கிய சிநேகிதி கெல்லி. கெல்லியின் அப்பா டேல், முரளியோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்பவர். கெல்லி வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தபோது அனுவும் சேர்ந்தாள். நீச்சல் வகுப்பு மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். கூடவே பெற்றோர் ஒருவர் உட்கார வேண்டும் என்றார்கள். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன், பரீட்சையும் எழுதித் தேறினேன். அனு முதலாவதாக வந்தாள். வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்காகப் பாயசம் வைத்தேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பிறகு டேல் தன் பழைய துப்பாக்கியை அவளுக்கு இரவல் கொடுத்தார். குழலின் வாய்வழியாக முதலில் வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, நீளமான கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் வகை. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் நாகரிகமான தம்பி என்று சொல்லலாம். மற்றத் துப்பாக்கிகளுக்கான சீசன் முடிந்த பிறகு, டிசம்பரில், இந்த வகைக்கென்று தனியாகச் சில நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். காட்டில் கூட்டம் இருக்காது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றார் டேல். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். அதாவது, ஒரு மானுக்கு ஒரு குண்டுதான்.

உரிமச் சீட்டு வாங்கப் போன அலுவலகத்தில் பாதி நாள் போனது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு எங்கள் பெயர்கள் பிடிபடவில்லை.

"குழந்தையின் கடைசிப் பெயர் முரளி. அவளுடைய அப்பாவின் கடைசிப் பெயர் சுப்பிரமணியம். அப்படியானால் இந்த முரளி யார்?"

"அவர்தான் அப்பா."

"அப்படியானால் சுப்பிரமணியம்?"

"அது அவருடைய அப்பா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தாம்பரம் நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். அதில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. பிள்ளை பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கிய சான்றிதழ் அது. பெயரில்லாத ஒரு பெண் குழந்தை துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகப்போகிறது என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. இன்னொருவர் வந்து, பள்ளிக்கூடச் சீட்டைப் பார்த்து, ஒருவழியாகச் சம்மதக் கையெழுத்துப் போடும் தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் போடவில்லை. கூட வந்திருந்த முரளியிடம் தமிழில் சொன்னேன்: "குண்டு எதுன்னு நான் பாத்துச் சொல்றேன். அதுக்கு ஒத்துக்கிட்டாதான் போடுவேன்."

"நீயா? கதவிடுக்குல பல்லி நசுங்கினா அன்னைக்குச் சமைக்க மாட்ட."

"அதனாலதான்."

"சரி, பாரு. நீ மருந்துச் சீட்டையே முன்னும் பின்னும் நாலு தடவை படிக்கிறவ" என்றார். கையெழுத்தைப் போட்டேன்.

2

கடைக்கும் அலுவலகத்துக்கும் அலைவதற்கு முந்தின கோடையில் தாம்பரம் வந்திருந்தோம். என் அக்கா சாந்தி சேலையூரில் இருக்கிறாள். வந்த இரண்டாம் நாளே, சாப்பாட்டு நேரத்தில், அனு விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"பெரியம்மா, நான் இந்த இயர் டியர் ஹன்ட்டிங் போறேன்."

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றாள். "என்னடி சொல்றா உன் பொண்ணு? மான் பாக்கப் போறாளா?"

"பாக்க இல்ல பெரியம்மா. சுட."

"வண்டலூர் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றார் அத்தான். "இருக்கிற நாலு மானையும் நம்பித்தான் டிக்கெட் விக்கிறாங்க."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏன்டி வசந்தி, கடையில ஆட்டை உரிக்கிறதைப் பாத்துட்டு ரெண்டு வருஷம் கறியே தொடாதவ நீ. இவளை எப்படிடி விட்ட?"

"அங்க ஸ்கூல்ல நிறையப் பிள்ளைங்க போறாங்கக்கா. வகுப்பெல்லாம் நடத்தித்தான்..."

"வகுப்பு நடத்தினா சரியாப் போச்சா?"

அனு தட்டிலிருந்து கோழித் துண்டை எடுத்துக் காட்டினாள். "பெரியம்மா, இது கேஜ்ல இருந்துச்சு இல்ல? டியர் கேஜ்ல இல்ல. ஃப்ரீயா இருக்கும். அதுக்குத் தெரியாம, வலிக்காம சுடணும். அதான் ரூல்."

அத்தான் சிரித்தார். "கேட்டியா சாந்தி? இனிமே ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கு நீதான் போகணும்."

அக்கா சிரிக்கவில்லை. அனு கை கழுவப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வலிக்காமன்னு சொல்றாளே. நம்ம வீட்டுல வந்து கிடந்துதே ஒண்ணு, அதை மறந்துட்டியா நீ?" என்றாள்.

நான் தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன். அந்தப் பயணத்தில் அதற்குப் பிறகு அவள் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புறப்படும் நாளில் மட்டும், ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நடுவே அப்பாவின் பழைய வேட்டிகளைச் சுற்றி வைத்தாள். "கிழிச்சு வச்சுக்கோ. புண்ணுக்குக் கட்ட, வடிகட்ட, எல்லாத்துக்கும் ஆகும். இந்த மாதிரித் துணி அங்க கிடைக்காது" என்றாள்.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவைத் தாண்டினால் முள்ளும் புதருமாகக் காடு. அதில் புள்ளிமான்கள் உண்டு. சில நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு ஏழுமலை பஸ் டிரைவர். ஒருநாள் காலை டூட்டிக்குக் கிளம்பியவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், இன்னா சார் இது, உங்க வூட்டாண்ட மானு ஒண்ணு வந்து படுத்துகினு கீது."

மோட்டார் ஷெட்டுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் அது படுத்திருந்தது. பெட்டை. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி படுத்துக்கொண்டது. வயிற்றின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். பெரிய காயம் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. அதனால் பிழைத்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தோம்.

அம்மா மஞ்சளை அரைத்துக் கொண்டுவந்து பூசினாள். தெரு கூடிவிட்டது. கஞ்சித்தண்ணீர் கொடுங்கள் என்றார் ஒருவர். வேப்பிலை என்றார் இன்னொருவர். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், இது பொழைக்காது. அறுத்துட்டா பத்து வூட்டுக்குக் கறி ஆச்சு."

"ஏய், பேஜார் பண்ணாத" என்றார் ஏழுமலை. "மானு மேல கை வச்சா தூக்கி உள்ள போட்டுருவான். அப்புறம் உனுக்கு யாரு கறி எடுத்துகினு வருவா, ஜெயிலுக்கு?"

அப்பா மருந்துக் கடைக்குப் போய் அங்கிருந்த போனில் வனத்துறைக்குப் பேசினார். திரும்பி வந்து, "அந்த இடம் அவங்க லிமிட் இல்லையாம். வேற ஆபீஸுக்குப் பேசச் சொன்னாங்க. அங்க யாரும் எடுக்கலை" என்றார். மறுபடி போனார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று வந்தார்.

எனக்கு அன்றைக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. ரம்பம் இழுப்பது மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நின்று, மறுபடி. சாயங்காலம் அம்மா மஞ்சள் கையோடு உள்ளே வந்தாள். "யாராவது ஒரேயடியா முடிச்சு விட்டாக்கூடப் புண்ணியமாப் போகும்" என்று யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள். அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அதைச் செய்யக்கூடிய ஆள் எங்கள் தெருவிலேயே இல்லை. நல்லவர்கள், சட்டத்துக்குப் பயந்தவர்கள், இரக்கமுள்ளவர்கள். அவர்கள் சுற்றி நிற்க அது மறுநாள் மத்தியானம் வரை சாகாமல் கிடந்தது.

அது செத்த பிறகு வனக்காவலர் சைக்கிளில் வந்தார். கட்டை விரலால் காயத்தை அழுத்தி, மிளகளவு ஈயம் ஒன்றை வெளியே எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"முயலுக்குப் போடற ரவை சார் இது. கையில இருந்ததைப் போட்டு அடிச்சிருக்கான். மானுக்குப் பத்தாது. நல்ல குண்டா ஒண்ணு, சரியான இடத்துல பட்டிருந்தா அங்கியே விழுந்திருக்கும்."

சுட்டவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் சுட்டதற்காக அல்ல, அந்த ரவைக்காக என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

4

ஆக, கண்ணாடிப் பெட்டிமேல் இருந்த மூன்று குண்டுகளுக்கு வருகிறேன்.

முதலாவது உருண்டை. சுத்த ஈயம், கோலிக்குண்டைவிடச் சிறியது. குழலின் உள் அகலத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கும். எண்ணெய் தோய்ந்த துணித் துண்டை அதன் அடியில் வைத்துக் கெட்டிப்பார்கள். அந்தத் துணிதான் இடைவெளியை அடைத்து, குழலுக்குள் இருக்கும் சுருள் வரியைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. குழலை விட்டு வெளியே வந்ததும் துணி கழன்று விழுந்துவிடும்.

இரண்டாவது கூம்பு வடிவம். இதுவும் ஈயம்தான், ஆனால் நீளமானது. எடை உருண்டையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். துணி வேண்டாம். எலும்பில் பட்டாலும் நிற்காமல் ஆழமாகப் போகும் என்றார் கடைக்காரர்.

மூன்றாவது பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும் செப்பு மூடிய குண்டு. முனையில் பள்ளம். உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரியும் என்று சொல்லி விரல்களை விரித்துக் காட்டினார். அந்த விரல்களை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"எது நல்லது?" என்றேன்.

"எல்லாமே நல்லதுதான், மேடம்" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மூன்றிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

டேலுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே ஈரச் செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, அதன்முன் காகிதத்தில் வட்டம் வரைந்து வைத்துச் சோதித்தோம். நீளக் குண்டுக்குக் குழலில் சுருள் வரி நெருக்கமாகச் சுற்ற வேண்டும், உருண்டைக்குத் தளர்வாகச் சுற்றினால் போதும். டேலின் பழைய துப்பாக்கி இரண்டுக்கும் நடுவில். அதனால் எந்தப் புத்தகமும் எனக்கு உதவவில்லை. சுட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் உறைக் குண்டுகள் அந்தக் குழலிலிருந்து கிளம்பி ஆளுக்கொரு பக்கம் போயின. அதை அன்றே ஒதுக்கிவிட்டேன். கூம்புக் குண்டை முரளி சுட்டபோது ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. ஈரக் காகிதத்தை அடுக்கின் முக்கால்வாசி வரை துளைத்தது. பிறகு அனு சுட்டாள். துப்பாக்கி அவள் தோளில் அடித்த அடியில் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். ஒன்றுமில்லை என்று சிரித்தாள். அடுத்த தடவை விசையை இழுக்கும்போது கண்களை மூடிக்கொண்டாள். நான் பக்கவாட்டில் நின்று அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு காகிதத்திலேயே படவில்லை.

உருண்டையில் அடி குறைவு. மூன்றையும் ஒரு சாஸர் அளவு இடத்துக்குள் போட்டாள். கண் திறந்தே இருந்தது. காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் குண்டு பாதி ஆழம்தான் போயிருந்தது, ஆனால் ஒரு ரூபாய் நாணயம் போலத் தட்டையாகியிருந்தது.

அன்று இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

"கூம்புதான் சரி" என்றார் முரளி. "தோள் ரெண்டு நாள்ல ஆறிடும். மான் பாதிக் குண்டோட ஓடினா என்ன பண்ணுவ?"

"கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டா அது எங்க பட்டு ஓடும்? அதைச் சொல்லுங்க."

"பழகிடுவா."

"எது வரைக்கும் பழகணும்?"

அவர் ஆறிய குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். என் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் நிச்சயமில்லை. மகளின் தோளைக் காப்பாற்ற ஒரு மானை அரைகுறையாகக் காயப்படுத்தும் குண்டைத் தேர்ந்தெடுக்கிறேனா? பத்தாது, பத்தாது என்று வனக்காவலரின் குரல் பாத்திரம் துலக்கும்போதும் கேட்டது. கடைசியில் உருண்டை என்றே முடிவு செய்தேன், ஒரு நிபந்தனையோடு. ஐம்பது கஜத்துக்கு அப்பால் மான் நின்றால் சுடக் கூடாது. அந்தத் தூரத்துக்குள், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் விலாவில் பட்டு, இரண்டு நுரையீரலையும் தொட்டுக்கொண்டு போனால், அந்த நாணயம் போதும். அனுவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். "ஓகே அம்மா, ஓகே" என்றாள், பல் தேய்த்தாயா என்று கேட்டால் சொல்வது போல.

5

சீசனுக்கு முந்தின வாரம் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் எல்லாம் தலைகீழானது.

அனு சுட்ட உருண்டைகளில் ஒன்று இடது பக்கம் போனது, ஒன்று மண்ணில் குத்தியது, ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. துப்பாக்கி மாறவில்லை, மருந்து மாறவில்லை. நாலைந்து சுட்ட பிறகு அவள் துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். நான் போனபோது கண்ணாடியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"ஐ காண்ட் டூ இட். எனக்கு வராதும்மா. நீயே சொல்லிடு, வரலைன்னு."

நான் இத்தனை நாளாக எதிர்பார்த்த வாக்கியம் அது. வேண்டாம் கண்ணு, விட்டுடலாம் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். அவள் அழுதது மானுக்காக அல்ல, தன்னால் முடியவில்லை என்பதற்காக. அந்த அழுகையோடு அவளை விட எனக்கு மனம் வரவில்லை.

முரளி, "உருண்டைய நம்பாதன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று கூம்புக் குண்டுப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். சாமான்களை எடுத்துக்கொண்டு திரும்பும்போது புல்லில் கறுப்பாக எதையோ மிதித்தேன். குழலிலிருந்து கழன்று விழுந்த துணித் துண்டு. நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் கருகி, தொட்டால் உதிர்ந்தது. பக்கத்தில் கிடந்தவையும் அப்படியே, தீய்ந்த அப்பளத் துண்டுகள் மாதிரி. முதல் தடவை சுட்டபோது கிடந்த துணிகளைப் பார்த்திருக்கிறேன். அழுக்காக இருந்தன, ஆனால் முழுசாக இருந்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் வாங்கிய துணி தீர்ந்துபோயிருந்தது. கடை இருக்கும் ஊருக்குக் காரில் ஒரு மணி நேரம் போக வேண்டும். துணிதானே என்று, அக்கா கொடுத்த வேட்டியில் ஒன்றை எடுத்து, அதே அளவில் வட்டவட்டமாக வெட்டி வைத்தவள் நான்தான். நாம் எதற்கும் எடுப்பது அந்தத் துணியைத்தானே? பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கும் புண்ணுக்கும் நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கும் பழைய வேட்டிதான். சுத்தமான பருத்தி, மிருதுவானது. அன்று குண்டு வழக்கத்தைவிடச் சுலபமாக உள்ளே இறங்கியது என்று அனுகூடச் சந்தோஷப்பட்டாள். பல வருஷம் துவைத்துத் துவைத்து இழை நைந்த அந்தத் துணியை மருந்தின் நெருப்பு ஒரு நொடியில் தின்றுவிட்டது. குண்டைப் பிடித்துச் சுழற்ற ஒன்றுமே மிச்சமில்லை. குற்றம் குண்டின்மேலும் இல்லை, அவள்மேலும் இல்லை.

காருக்குத் திரும்பிப் போய்க் கருகிய துணிகளை அனுவின் மடியில் போட்டேன். "இது உன் தப்பில்லை. தாத்தா வேட்டி" என்றேன்.

அவள் ஒன்றை எடுத்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தாத்தா வேட்டில என்னம்மா இருக்கு, பாம் வச்சிருக்கா?" என்றாள். முரளி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்த வேட்டித் துணியோடு நேராகக் காட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் கடைக்குப் போய்க் கெட்டியான துணி வாங்கி வந்தேன். நீலக் கோடு போட்டது. குரோம்பேட்டையில் மாமியார் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்குப் போட்டிருக்கும் அதே துணி. அதை வைத்து அனு சுட்டாள். மறுபடி எல்லாம் சாஸருக்குள் விழுந்தன. முரளி கூம்புப் பெட்டியைத் திருப்பி அலமாரியில் வைத்தார்.

6

சீசன் தொடங்கும் நாளில் ஆலையில் இயந்திரம் பழுதாகி முரளியையும் டேலையும் கூப்பிட்டுவிட்டார்கள். கூட வரும் பெரியவருக்குத் துப்பாக்கி வேண்டாம். வகுப்பில் தேறியிருக்க வேண்டும், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதுதான் விதி. முரளி என்னைப் பார்த்தார். அனுவும் பார்த்தாள்.

டேலின் நிலத்து ஓரத்தில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்தோம். தரையில் மெலிதாகப் பனி. ஐம்பது கஜத்தை முந்தின நாளே நடந்து அளந்து, ஒரு வெள்ளைப் பட்டை மரத்தை எல்லையாக வைத்திருந்தோம். நான் சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டும் பல் கிட்டியது. அனு அசையவே இல்லை. வீட்டில் ஐந்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்காராத பெண்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஒரு பெட்டை மான் வந்தது. எல்லை மரத்துக்கு வெகு அப்பால் நின்று தரையை முகர்ந்தது. அனு துப்பாக்கியை உயர்த்தினாள். என் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினாள். நான் தலையை அசைத்தேன்.

"ஐ கேன் டூ இட்" என்றாள் உதடு அசையாமல்.

"மரம்" என்றேன்.

அவள் முகம் இறுகியது. ஆனால் துப்பாக்கியை இறக்கினாள். மான் போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். போகவில்லை. ஒவ்வொரு அடியாக, நின்று நின்று, எங்களை நோக்கியே வந்தது. வெள்ளைப் பட்டை மரத்தைத் தாண்டி, பக்கவாட்டாகத் திரும்பி நின்றது. வகுப்புப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்களே, அப்படி.

அனு மறுபடி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நான் வைத்திருந்த காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. குண்டு சரி. துணி சரி. தூரம் சரி. நான் தலையாட்டினேன்.

சத்தத்தோடு வெள்ளைப் புகை எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. புகைக்குப் பின்னால் சருகு நொறுங்கும் ஓசை, கொஞ்ச தூரம் வரை. பிறகு ஒன்றுமில்லை. அனு எழுந்து ஓடப் போனாள். நான் அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அடிபட்டது உடனே துரத்தினால் இன்னும் ஓடும், அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த அரைமணி நேரமும் நான் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு மூச்சுச் சத்தத்தைத் தேடினேன்.

எழுந்து போனோம். பனிமேல் ரத்தம் பளிச்சென்ற சிவப்பில், நுரையோடு இருந்தது. நுரையீரல் ரத்தம். தாம்பரத்தில் எங்கள் தெரு முனையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை இருக்குமே, அவ்வளவு தூரம்கூட அது ஓடியிருக்கவில்லை. ஒரு புதரின் அடியில் அது கிடந்தது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி அனு ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இமைக்கவில்லை.

நான் மண்டியிட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு, விலாவின் பக்கம் மயிரை விலக்கி, குண்டு உள்ளே போன இடத்தைத் தேடினேன். சரியாக அங்கேதான் இருந்தது. உடம்பைக் கொஞ்சம் தூக்கி மறுபக்கம் பார்த்தேன். வெளியே போன ஓட்டை இருந்தது, பெரிதாக. முழுசாகத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓடும்போதே உயிர் போயிருக்கும். என் நெஞ்சுக்குள் ஏதோ பொங்கியது. ரேங்க் கார்டைக் கையில் வாங்கும்போது வருமே, அந்தச் சந்தோஷம்தான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. என் கணக்கு சரி, நான் தேர்ந்தெடுத்தது சரி. விரலால் அந்த ஓட்டையின் விளிம்பை அளந்து, "பாரு அனு, பாரு, எவ்வளவு சுத்தமாப் போயிருக்கு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் மானின் தலைக்குப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியை எட்டக் கிடத்தியிருந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது, சத்தமே இல்லை.

"ஸ்டாப் இட், அம்மா" என்றாள். "அதையே பாக்காத. முகத்தைப் பாரு."

கையை எடுத்தேன். மெல்லப் பனி விழத் தொடங்கியிருந்தது. திறந்திருந்த கண்ணின் இமை மயிரில் ஒரு துகள் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. நான் பார்த்தேன்.